சாவி போடும் முன்: உங்களுக்குத் தெரியுமா?

கார் கதவைத் திறப்பதற்கும் முதல் கியர் போடுவதற்கும் நடுவே ஐந்து நிமிடம் இருக்கிறது. இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்குபவை. பொத்தானை அமுக்கினால் இன்ஜின் ஓடும் காலம் வந்த பிறகு, பல வீடுகளில் அந்த ஐந்து நிமிடமே காணாமல் போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்து உங்கள் கையில் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

★

பணக்கார வீட்டுக் கார் ஓட்டுநரை ‘ஷோஃபர்’ என்பார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன தெரியுமா? ‘சூடேற்றுபவர்’. நீராவியில் ஓடிய ஆரம்பகால வண்டிகளில் அடுப்பு மூட்டி, கொதிகலனைச் சூடாக்கி, ஆவி திரளும்வரை காத்திருந்து, பிறகுதான் சக்கரத்தை உருட்ட முடியும். ஓட்டுவது அவருக்கு இரண்டாவது வேலை. வண்டியைத் தயார் செய்வதுதான் முதல் வேலை. பெயரே அதிலிருந்துதான் வந்தது.

★

பெட்ரோல் வண்டி வந்த பிறகும் பாடு குறையவில்லை. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுழற்ற வேண்டும். தீப்பொறி முந்திக்கொண்டால் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி எகிறி மணிக்கட்டை முறிக்கும். அதனால்தான் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தபோதுதான் கைகளுக்கு விடுதலை. நாம் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொல்கிறோமே, அந்தச் ‘செல்ஃப்’ இதுதான். நம் அம்பாசடரிலும் நெடுங்காலம் அந்தக் கைப்பிடி கூடவே வந்தது. பேட்டரி படுத்த காலை வேளையில் அதைச் சுழற்றியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

★

உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்குக் கிளம்பியவர் ஒரு தாய். 1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய்வீட்டுக்கு, 100 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார் பெர்த்தா பென்ஸ். கூடவே இரண்டு மகன்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி தேய்ந்து உரசியது. காலுறைப் பட்டையால் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், கறை நீக்க விற்கும் லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் கட்டைக்கு மேல்பட்டை போடும் யோசனை அங்கே பிறந்தது.

இந்தப் பயணத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் படுகிறது. அவருக்கு வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் தெரிந்திருந்தது. எது கெட்டால் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது மனசில் இருந்தது. இன்று நம்மில் எத்தனை பேருக்கு ஜாக்கி எங்கே இருக்கிறது என்று தெரியும்?

★

ஜாக்கி என்றதும் ஸ்டெப்னி நினைவுக்கு வருகிறது. மாற்றுச் சக்கரத்தை நாம் ஏன் ஸ்டெப்னி என்கிறோம்? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவில் 1904இல் டேவிஸ் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி விற்றது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் இதை இறுக்கிக்கொண்டு ஓட்டலாம். நிறுவனம் போய்விட்டது, தெருப்பெயர் மட்டும் நம் மெக்கானிக் கடைகளில் நிலைத்துவிட்டது. பிரேசில் நாட்டுக்காரர்களும் மாற்றுச் சக்கரத்தை ‘எஸ்டெப்பி’ என்றுதான் சொல்கிறார்கள்.

டிக்கியும் அப்படித்தான். வண்டியின் பின்னால் வெளியே மடித்து விரிக்கும் கூடுதல் இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. இருக்கை மறைந்தது, பெயர் பெட்டி வைக்கும் இடத்துக்கு வந்தது. டாஷ்போர்டு? குதிரை வண்டியில் குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுபவர்மேல் விழாமல் தடுத்த மரப்பலகை.

சரி, ஸ்டெப்னிக்குக் கடைசியாக எப்போது காற்றடித்தீர்கள்? நான்கு டயருக்கும் காற்றுப் பிடிக்கும் பையனிடம் ஐந்தாவதைக் காட்டுவதே இல்லை. டிக்கியில் இருக்கும் பையையெல்லாம் இறக்க வேண்டுமே என்ற தயக்கம். நடு ராத்திரியில் நெடுஞ்சாலையில் அதை எடுத்து மாட்டும்போது, அதுவும் சப்பிப்போயிருக்கும். ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பொருட்களும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020இல் விதி மாறியிருக்கிறது. புது கார் வாங்கியவர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

★

புது வண்டி எடுத்தாலும் ஆயுத பூஜை வந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சந்தனம், குங்குமம், சூடம், பிறகு பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகரும். அந்தச் சடங்கில் எனக்கு மிகவும் பிடித்தது, அது நம்மை நான்கு முறை குனிய வைக்கிறது என்பதுதான். டயருக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோகும் நாள் ஆண்டுக்கு அது ஒன்றே என்று ஆகிவிட்டது. குனிந்தது குனிந்தோம், அங்கே என்ன பார்க்கலாம்?

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. டன் எடையுள்ள வண்டியும் அதற்குள் இருக்கும் குடும்பமும் நான்கு உள்ளங்கைமேல்தான் போகிறார்கள். திரும்புவது, நிற்பது, மழையில் வழுக்காமல் இருப்பது எல்லாம் அந்த நான்கு இடத்தில்தான் நடக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதுதான் டயரின் பிறந்த நாள். செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஐந்து ஆண்டு தாண்டியதை ஆண்டுதோறும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டு ஆனதை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

தேய்மானத்துக்கு அளவுகோல் டயரிலேயே இருக்கிறது. ரப்பர் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆங்காங்கே சின்ன மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. நம் மோட்டார் வாகன விதி கார்களுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆழமும் அதே 1.6 தான். மழைத் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பேச்சைக் கேட்காது.

★

வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும் என்று நம்மூரில் நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சித்திரை வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், குடும்பமும் மூட்டையுமாகப் போகும்போது அந்தச் சூடுதான் டயரைக் கிழிக்கிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்லும். இரண்டு பேர் போகும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. அளப்பதும் டயர் ஆறியிருக்கும்போதுதான். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் அளந்தால் சூட்டில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதைப் பார்த்து அவர்கள் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்த காற்றோடுதான் கிளம்புவீர்கள்.

★

ஜப்பானில் குளிர்காலத்தில் காரை எடுப்பதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டும் வழக்கத்தை நிஸான் நிறுவனம் ஓர் இயக்கமாகவே நடத்தியது. ‘நெக்கோ பான் பான்’ என்று பெயர். நெக்கோ என்றால் பூனை. பான் பான் என்பது தட்டும் ஓசை. கதகதப்புக்காக இன்ஜின் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும் பூனை விழித்துக்கொண்டு ஓடிவிடும்.

நம்மூர்ப் பூனைக்கும் அதே பழக்கம் உண்டு. மழைக்காலத்தில் அந்தக் கதகதப்பைத் தேடிப் பாம்பும் வரும். எலி வந்தால் வயரைக் கடித்து வைக்கும். சில நாள் நிறுத்தியிருந்த வண்டி என்றால் தட்டுவதோடு நிற்காமல், பானெட்டைத் திறந்தே பார்த்துவிடுவது நல்லது.

★

வண்டிக்கு அடியில் தெரு நாய் தூங்கும். வாசலில் கோலம் போட யாராவது குனிந்திருப்பார்கள். பந்து உருண்டு போன இடத்துக்குக் குழந்தை போயிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் இவை எதுவும் கண்ணில் படாது. காரின் பின்கண்ணாடி, ஒரு மூன்று வயதுக் குழந்தையின் தலைக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. வீட்டு வாசலிலேயே, பெற்றவர் ஓட்டிய வண்டியிலேயே குழந்தை அடிபட்டது என்ற செய்தியைப் படிக்கும் நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து ஏறுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இரவு வீடு திரும்பும்போதே ரிவர்ஸில் உள்ளே விட்டு நிறுத்தினால், காலையில் கண்ணுக்கு முன்னால் வாசலைப் பார்த்தபடி நேராக வெளியே வரலாம்.

★

வெயிலில் நிறுத்திய காருக்குள் எவ்வளவு வேகமாகச் சூடு ஏறும்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘ரெண்டே நிமிஷம், கடைக்குப் போயிட்டு வந்துடறேன்’ என்று குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுப் போவதற்கு எந்த ஊர் வெயிலும் இடம் தராது.

ஏறும்போது ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை விசிறிபோல நாலைந்து முறை வீசித் திறந்து மூடுங்கள். உள்ளே தேங்கிய அனல் காற்று வெளியேறிவிடும். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைக் குழந்தைக்கு மாட்டுவதற்கு முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

★

வைப்பரைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் டிராமில் போனபோது, கண்ணாடியில் படிந்த பனியால் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்தார். உள்ளே இருந்தே கையால் இயக்கும் வைப்பருக்கு 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பணம் எதுவும் வரவில்லை.

ஆறு மாத வெயிலில் வைப்பர் ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். ஐப்பசி முதல் மழையில்தான் அது தெரியவரும், அப்போது நீங்கள் சாலையில் இருப்பீர்கள். புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள்.

★

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக ‘டிக் டிக்’ அடிக்கிறதா? பல வண்டிகளில் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம். பிரேக் விளக்கைப் பார்க்க ஆள் வேண்டியதில்லை. இருட்டில் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவர் சிவக்க வேண்டும்.

★

காலடிக்கு வருவோம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுப்பாடின்றிப் பறந்து மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். காலடியில் போட்டிருந்த பொருந்தாத ரப்பர் மேட் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த மாதம் டொயோட்டா ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளின் மேட்களை எடுத்துவிடச் சொன்னது.

மேட்டைக் கொக்கியில் மாட்டியிருக்கிறோமா? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டிருக்கிறோமா? இருக்கைக்கு அடியில் தண்ணீர் பாட்டில் கிடக்கிறதா? பிரேக் பிடிக்கும்போது எதுவும் முன்னோக்கித்தான் உருளும். பிரேக்குக்குக் கீழே போய் அமர்ந்துகொண்டால் மிதி கீழே இறங்காது. செருப்பும் அப்படித்தான். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு மழையில் நனைந்தால் மிதியிலிருந்து நழுவும். கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலால் ஓட்டுபவர்கள், அந்தச் செருப்பைப் பக்கத்து இருக்கைப் பக்கம் தள்ளிவிட வேண்டும்.

★

இருக்கையை எவ்வளவு நகர்த்துவது? பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். முதுகை ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்புக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏர்பேக் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் விரிகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஒட்டி உட்கார்ந்தால் காக்க வந்ததே காயப்படுத்தும். பத்து மணி, இரண்டு மணி என்று ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னதும் இதனால்தான் மாறியது. இப்போது ஒன்பதும் மூன்றும்.

டாஷ்போர்டில் பிள்ளையார் சிலை ஒட்டியிருக்கிறீர்களா? பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் அந்தப் பலகையைப் பிளந்துகொண்டுதான் வரும். சிலை கல்லாகப் பறக்கும். பக்தியோடு சொல்கிறேன், பிள்ளையாரை ஏர்பேக் மூடியிலிருந்து தள்ளி, தட்டையான படமாக வையுங்கள். அதே காரணத்தால் முன் இருக்கையில் மடியில் குழந்தை கூடவே கூடாது.

★

பின்னால் வருவதைப் பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 1909இலேயே எழுதியவர் இங்கிலாந்தின் பந்தய ஓட்டுநர் டோரதி லெவிட். இரண்டு ஆண்டு கழித்து, 1911இல், முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹரூன் தன் காரில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்தார். மற்ற வண்டிகளில் பின்னால் பார்த்துச் சொல்ல உடன் ஒரு மெக்கானிக் இருந்தார்; இவர் தனி ஆள். பந்தயத்தை ஜெயித்தவரும் இவரே.

பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் பாதி தெரிகிறதா? அப்படியென்றால் தெரிய வேண்டிய பைக் தெரியாது. 1995இல் ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற பொறியாளர் எளிய வழி சொன்னார். நம் வண்டிக்கு அது இப்படி: தலையை வலப்பக்க ஜன்னலை ஒட்டிச் சாய்த்து, காரின் ஓரம் மட்டும் தெரியும்வரை வலக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து இடக் கண்ணாடியையும் அதேபோல வையுங்கள். நேராக உட்கார்ந்ததும் கார் தெரியாது. பக்கத்து வழித்தடம் தெரியும். இரண்டு நாள் கண் பழக வேண்டும். அதன் பிறகும் வழி மாறும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை வேண்டும். டூவீலர் நம் சாலையில் எந்தப் பக்கமும் வரும்.

உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு எதற்கு? இரவில் பின்னால் வருபவரின் ஹெட்லைட்டால் கண் கூசாமல் இருக்க. ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

★

தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட்டைச் செய்தவர் வால்வோவின் நில்ஸ் போலின், ஆண்டு 1959. அதற்கு முன் அவர் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். எறியும் கலையை விட்டு, இருத்தி வைக்கும் கலைக்கு வந்தார். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. தொழில் உலகில் இதைவிடப் பெரிய தர்மம் எனக்குத் தெரிந்து இல்லை.

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். பின் இருக்கைக்கும் அதே கணக்குத்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்ததாகக் காவல்துறை சொன்னது; முன் இருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் இருக்கைக்கும் பெல்ட் வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய் என்பதும் இருந்தது.

கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பு மேல். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே. புடவை கசங்கும் என்று மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே விடுவது யாருக்கும் ஆகாது. மோதலில் விலா எலும்பு உடையும்.

தலைச்சாய்வைக் கழற்றும்படி செய்திருப்பது கண்ணாடியை உடைக்கத்தான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது கழுத்து பின்னால் மடங்காமல் காப்பதுதான் அதன் வேலை. அதன் உச்சி உங்கள் தலையின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும்.

★

பெட்ரோல் அளவைக் காட்டும் படத்தின் பக்கத்தில் சின்ன அம்பு இருக்கும். எந்தப் பக்கம் டேங்க் மூடி என்று அது சொல்லும். ஃபோர்டில் இருந்த ஜிம் மொய்லன் 1986இல் அலுவலகக் காரைத் தவறான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்தார். வந்ததும் இந்த அம்பைப் போடலாமே என்று எழுதிக் கொடுத்தார். 1989 மாடல்களில் அது வந்தது.

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருசேர எரிவது வண்டி தன்னையே சோதித்துக்கொள்வது. ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு; எரியவே இல்லையென்றாலும் கோளாறு. சிவப்பு என்றால் கிளம்பாதே, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

★

லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதை டோல்கேட்டில் பார்க்காமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

★

இனி வண்டியை விட்டு ஓட்டுபவருக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். நம் சட்டத்தின் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03.

இப்போது ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்காக விடிகாலை 3 மணிக்கு எழுந்தாயிற்று. பந்தி, மொய், சொந்தக்காரர்கள் பேச்சு, மண்டபத்தைக் காலி செய்வது. இரவு 8 மணிக்கு ‘மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்று சாவியை எடுக்கிறார் சித்தப்பா. ஒரு சொட்டுத் தொடாதவர். ஆனால் 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஊதச் சொல்லும் கருவி அவரிடம் எதையும் காட்டாது. வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்: ‘எத்தனை மணிக்கு எழுந்தீங்க?’ மண்டபத்திலேயே ஒரு அறையில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்பினால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

காபி குடித்தால் தெளிந்துவிடாதா? உடனே தெளியாது, காபி வேலை செய்ய இருபது நிமிடமாவது வேண்டும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரேனர் இருவரும் சோதித்துச் சொன்ன வழி இது: காபியைக் குடித்த கையோடு பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது தூக்கத்தின் பலனும் காபியின் பலனும் ஒன்றாகக் கிடைக்கும். தற்காலிகம்தான், இரவு முழுக்க ஓட்டுவதற்கு அது உரிமம் தராது.

★

சளிக்குப் போடும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. தூக்கத்தை இழுக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள், அல்லது மருந்துக்கடையில் ‘வண்டி ஓட்டணும்’ என்று சொல்லிக் கேளுங்கள். கண் டாக்டரிடம் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளப் போகும் நாளில் பேருந்திலோ ஆட்டோவிலோ போய்வாருங்கள். மங்கல் தெளியச் சில மணி நேரம் ஆகும்.

லைசென்ஸ் விண்ணப்பத்தில், 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் ‘ஆம்’ போட்டுவிட்டு மறந்துவிட்டோம். இன்று தெருவில் நின்று ஒரு முறை படித்துப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டே.

★

60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி போனைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் குருடாகப் போகும். மூன்று பேருந்தை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேப்பில் ஊர்ப் பெயரைப் போடுவது, பாட்டுத் தேடுவது எல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போதே முடியட்டும்.

★

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் டேட்டன் நகரில் போயிங்கின் புதிய விமானம் மாடல் 299 மேலெழும்பிச் சற்று நேரத்தில் விழுந்து தீப்பிடித்தது. ஓட்டியவர் பிளாயர் ஹில், மிகவும் தேர்ந்த விமானி. வால்பக்கச் சிறகுகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் கெடவில்லை, விமானிக்குத் திறமையும் குறையவில்லை. அதன் பிறகுதான் கிளம்பும் முன் வாசித்துச் சரிபார்க்கும் பட்டியல் பிறந்தது. இன்று எந்த விமானமும் அது இல்லாமல் ஏறுவதில்லை.

நம் ரயில் இன்ஜினில் ஓட்டுநர் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார். உதவி ஓட்டுநர் திரும்பச் சொல்வார். முப்பது ஆண்டு அனுபவம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வாய் சொன்னதைத்தான் கண் உறுதியாகப் பார்த்திருக்கும். வீட்டில் பிள்ளைகளைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, ‘பெல்ட்?’, ‘போட்டாச்சு!’, ‘கதவு?’, ‘சாத்தியாச்சு!’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் நீங்கள் மறந்தாலும் அவர்கள் கேட்பார்கள்.

★

கடைசியாக ஒன்று, பத்து நொடி வேலை. இன்ஜின் ஓடாதபோது பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள், மிதி கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்கு அடியில் மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகு கார்பரேட்டர் காலத்தைப் போல ஐந்து நிமிடம் நின்று உறுமத் தேவையில்லை. இன்றைய இன்ஜினுக்கு அரை நிமிடம் போதும், முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் சரி. வாசலைத் தாண்டி பத்தடி உருண்டதும் பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். மிதி மெத்தென்று உள்ளே போனாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.